ராக்கெட்டை வழி தவறவைத்த சின்ன நடுக்கம்

தசராவின் பத்தாம் நாள் இரவில் குலசேகரன்பட்டினம் கடற்கரையில் நின்றவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். அங்கே மேளத்தைக் காது மட்டும் கேட்பதில்லை, நெஞ்சும் கேட்கும். காளி வேடம், குரங்கு வேடம், குறவன் குறத்தி வேடம், போலீஸ் வேடம் என்று ஊர் ஊராகக் காணிக்கை வாங்கிக்கொண்டு முத்தாரம்மன் கோயிலுக்கு வந்து சேரும் குழுக்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு மேளம் உண்டு. அடி விழும்போதெல்லாம் மார்புக்கூடு 'தும் தும்' என்று சேர்ந்து அதிரும். பக்கத்தில் நிற்கும் வேனின் கண்ணாடி கிடுகிடுக்கும். கையில் பிடித்திருக்கும் தண்ணீர் பாட்டிலில் வட்ட வட்டமாகச் சிற்றலை ஓடும்.

அதே குலசையில்தான் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளம் அமைகிறது. 2024 பிப்ரவரி 28-ம் தேதி பிரதமர் அடிக்கல் நாட்டினார். அன்றே ரோகிணி வகையைச் சேர்ந்த ஒரு சிறிய ஆய்வு ராக்கெட்டும் அங்கிருந்து பறந்தது. இனி இந்த மணலிலிருந்து கிளம்பப்போவது எஸ்.எஸ்.எல்.வி. என்ற சிறிய ரக ராக்கெட்.

மேளத்துக்கும் ராக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். எஸ்.எஸ்.எல்.வி. தன் முதல் பயணத்தில் தோற்றதற்குக் காரணம் இன்ஜின் கோளாறு கிடையாது. எரிபொருளும் சரியாகவே எரிந்தது. மேளத்தில் அடி விழுந்ததும் தோல் அதிருமே, அந்த ரகத்தைச் சேர்ந்த ஒரு சின்ன நடுக்கம்தான் அதை வழி தவறவைத்தது. அந்தக் கதை புரிய, முதலில் ஊஞ்சலில் ஏறி உட்கார வேண்டும்.

ஊஞ்சல் சொல்லும் பாடம்

வேப்பமரக் கிளையில் கட்டிய ஊஞ்சல் முன்னே போகிறது, பின்னே வருகிறது, மறுபடி முன்னே போகிறது. ஒரே இயக்கம், ஒரே கால இடைவெளியில், திரும்பத் திரும்ப நடக்கிறது. இதைத்தான் பள்ளிப் பாடத்தில் சீரலைவு இயக்கம் என்கிறார்கள். ஒருமுறை போய்த் திரும்பிவர ஆகும் நேரம் அலைவு நேரம். ஒரு நொடியில் எத்தனை முறை போய் வருகிறது என்பது அதிர்வெண். நடுவிலிருந்து எவ்வளவு தூரம் விலகுகிறது என்பது வீச்சு. இந்த மூன்று சொற்களும் கைவசம் இருந்தால் பாதிப் பாடம் முடிந்தது.

ஊஞ்சலைப் பற்றிப் பலரும் நம்பும் இரண்டு விஷயங்கள் தவறு. குண்டானவர் உட்கார்ந்தால் மெதுவாக ஆடும் என்பது ஒன்று. வேகமாகத் தள்ளினால் சீக்கிரம் போய்த் திரும்பும் என்பது இன்னொன்று. உண்மையில் ஐந்து வயதுப் பேத்தி உட்கார்ந்தாலும், அறுபது வயதுத் தாத்தா உட்கார்ந்தாலும் அலைவு நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். மெதுவாகத் தள்ளினாலும், சற்று வலுவாகத் தள்ளினாலும் அப்படியே. வலுவாகத் தள்ளும்போது ஊஞ்சல் அதிக தூரம் போகிறது. ஆனால் அந்தத் தூரத்தை அதிக வேகத்தில் கடக்கிறது. கணக்கு நேராகிவிடுகிறது. மிக உயரமாக ஆடும்போது மட்டும் அலைவு நேரம் கொஞ்சம் கூடும்.

அலைவு நேரத்தைத் தீர்மானிப்பது கயிற்றின் நீளமும் புவியீர்ப்பும்தான். 25 சென்டிமீட்டர் நூலில் கட்டிய ஊசல் ஒரு நொடியில் போய்த் திரும்பும். 1 மீட்டர் நூலில் கட்டினால் 2 நொடி. நீளம் நான்கு மடங்கு ஆனால் நேரம் இரண்டு மடங்கு ஆகும். இரண்டரை மீட்டர் கயிற்று ஊஞ்சலுக்குச் சுமார் 3 நொடிக்குச் சற்று அதிகம்.

புவியீர்ப்பு உலகம் முழுக்க ஒரே அளவு இல்லை. பூமி தன்னைத்தானே சுற்றுவதாலும், நடுவில் சற்றுப் பருத்திருப்பதாலும் நிலநடுக்கோட்டுப் பக்கம் ஈர்ப்பு கொஞ்சம் குறைவு. 1672-ல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு அறிஞர் பாரிசிலிருந்து ஓர் ஊசல் கடிகாரத்தைத் தென் அமெரிக்காவின் கயேனுக்கு எடுத்துச்சென்றார். நிலநடுக்கோட்டை ஒட்டிய அந்த ஊரில் கடிகாரம் நாளொன்றுக்குச் சுமார் இரண்டரை நிமிடம் பின்தங்கியது. நம் ஊரிலும் இந்தச் சோதனை நடந்தது. சென்னை வானாய்வுக்கூடத்தில் இருந்த ஜான் கோல்டிங்ஹாம், நொடிக்கு ஒருமுறை அசையும் ஊசலின் நீளம் சென்னையில் எவ்வளவு என்று 1821-ல் அளந்தார். டெல்லியில் சரியாக ஓடும் ஊசல் கடிகாரத்தைக் குலசைக்குக் கொண்டுவந்து மாட்டினால் அது ஒரு நாளில் 40 நொடிக்கு மேல் பின்தங்கும். கடிகாரத்தில் பழுது இருக்காது. குலசை நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதுதான் காரணம்.

தப்புக்கு ஏன் தீ காட்டுகிறார்கள்?

ஊஞ்சல் மெதுவாக ஆடுவதால் கண்ணால் எண்ண முடிகிறது. அதே வகை இயக்கம் நொடிக்கு நூறு முறை நடந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் காதுக்குக் கேட்கும். அதைத்தான் அதிர்வு என்கிறோம். நொடிக்கு 20 முதல் 20,000 முறை வரையிலான அதிர்வுகளை மனிதக் காது ஒலியாக உணர்கிறது.

அடிப்பதற்கு முன்னால் வைக்கோலையோ சருகையோ கொளுத்தித் தப்பின் தோலைக் காய்ச்சுவார்கள். கடற்காற்றின் ஈரம் தோலில் ஏறினால் அது தளர்ந்துவிடும். தளர்ந்த தோல் மெதுவாக அதிரும், சத்தம் 'தொப் தொப்' என்று இருக்கும். தீயில் காட்டினால் ஈரம் வற்றித் தோல் இறுகும். இறுகிய தோல் வேகமாக அதிரும், சத்தம் 'கணீர்' என்று தெறிக்கும். தோலின் விறைப்பு நான்கு மடங்கு ஏறினால் அதிர்வெண் இரண்டு மடங்கு ஏறும் என்பது இயற்பியல் கணக்கு. அந்தச் சூத்திரத்தைப் படிக்காமலேயே கலைஞர்கள் விரலால் தட்டிப் பார்த்துப் பதம் சொல்லிவிடுகிறார்கள்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. தப்பை எப்படி அடித்தாலும் அது தன் சொந்தக் குரலில்தான் பேசும். அடிக்கும் கை வேகத்தை மாற்றலாம், பலத்தை மாற்றலாம். தோலின் குரல் தோலுடையது. ஊஞ்சலுக்கு ஒரு நேரம் இருப்பதுபோல், தோலுக்கும் கம்பிக்கும் கோயில் மணிக்கும் சமையலறைத் தட்டுக்கும் சொந்தமாக அதிர்வெண்கள் உண்டு. இதற்கு இயல்பு அதிர்வெண் என்று பெயர். தட்டு கைதவறி விழுந்தால் 'டங்' என்கிறது. எவர்சில்வர் டம்ளர் விழுந்தால் 'டிங்' என்கிறது. அடுத்த அறையில் இருந்தபடியே எது விழுந்தது என்று அம்மா சொல்வது இதை வைத்துத்தான்.

ஒரு பொருளுக்கு ஒரே ஒரு இயல்பு அதிர்வெண்தான் இருக்கும் என்பதும் இல்லை. ஒரு தோலே ஒரே நேரத்தில் பல விதமாக அதிரும். சாதாரண மேளத்தில் இந்த அதிர்வுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. அதனால்தான் அதில் சுருதி தெளிவாகக் கேட்பதில்லை. மிருதங்கத்தில் மட்டும் எப்படிச் சுருதி சேர்கிறது என்று சர் சி.வி.ராமன் ஆராய்ந்தார். வலந்தலையின் நடுவில் இருக்கும் கருப்பு வட்டம்தான் காரணம் என்று கண்டுபிடித்து 1920-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார். அந்தப் பூச்சின் எடை, சிதறிக் கிடந்த அதிர்வெண்களை இழுத்து ஒழுங்கான வரிசையில் நிறுத்திவிடுகிறது. ஒரு பொருளின் அமைப்பைக் கொஞ்சம் மாற்றினால் அதன் இயல்பு அதிர்வெண் மாறும் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ராக்கெட் கதையில் இது திரும்ப வரும்.

அலையும் படகும் ஒத்துப்போனால்

ஊஞ்சலில் இருக்கும் குழந்தையைத் தள்ளும் அப்பா என்ன செய்கிறார்? ஊஞ்சல் பின்னால் வந்து நின்று, முன்னே கிளம்பும் கணத்தில் லேசாகத் தள்ளுகிறார். ஊஞ்சலின் தாளமும் தள்ளும் தாளமும் ஒன்றாக இருப்பதால், ஒவ்வொரு சின்னத் தள்ளலும் முந்தையதோடு சேர்கிறது. பத்தே தள்ளலில் ஊஞ்சல் உயரத்துக்குப் போய்விடுகிறது. தாளம் தவறித் தள்ளினால் எவ்வளவு பலம் போட்டாலும் ஊஞ்சல் தடுமாறத்தான் செய்யும். வெளியிலிருந்து வரும் தாளம் ஒரு பொருளின் இயல்பு அதிர்வெண்ணோடு பொருந்தும்போது அதிர்வு பெருகுவதற்கு ஒத்ததிர்வு என்று பெயர்.

குலசை, மணப்பாடு கடற்கரைகளில் மீன்பிடிப்பவர்களுக்கு இது பாடப்புத்தக விஷயம் இல்லை, உயிர் விஷயம். ஒவ்வொரு படகுக்கும் பக்கவாட்டில் ஆட ஒரு சொந்த நேரம் உண்டு. பக்கத்திலிருந்து வந்து மோதும் அலைகளின் இடைவெளி அந்த நேரத்தோடு பொருந்திவிட்டால், உயரமில்லாத அலைகூடப் படகைக் கவிழ்க்கப் பார்க்கும். அப்போது படகோட்டி அணியத்தை அலைக்கு நேராகத் திருப்புவார். திசை மாறியதும் அலை வந்து மோதும் தாளம் மாறிவிடுகிறது, அது தள்ளும் பக்கமும் மாறிவிடுகிறது. ஒத்ததிர்வு முறிகிறது.

கடல் எச்சரிக்கைகளில் அலையின் உயரத்தோடு, எத்தனை நொடிக்கு ஒருமுறை அலை வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும் என்று சொல்வதும் இதனால்தான். உள்ளூர்க் காற்றில் எழும் அலை ஐந்தாறு நொடிக்கு ஒருமுறை வரும். எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் அடித்த புயல் கிளப்பிய அலை 15, 16 நொடிக்கு ஒருமுறை வரும். ஆழ்கடலில் 5 நொடி அலையின் நீளம் சுமார் 40 மீட்டர்தான். 16 நொடி அலைக்கோ 400 மீட்டர். அது மணிக்குச் சுமார் 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிவரும். நம் கரையில் காற்றே இல்லாத நாளிலும் அது திடீரென்று ஏறிவந்து தெருவுக்குள் புகும். 'கள்ளக்கடல்' என்று மக்கள் பெயர் வைத்தது அதற்குத்தான். ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் தென்மாவட்டக் கரைகளுக்கு அவ்வப்போது விடுக்கும் எச்சரிக்கை இதைப் பற்றியதே.

2022 ஆகஸ்ட் 7, காலை 9.18

இனி ராக்கெட் கதை. எஸ்.எஸ்.எல்.வி. 34 மீட்டர் உயரமும் 2 மீட்டர் விட்டமும் கொண்டது. புறப்படும்போது எடை சுமார் 120 டன். 500 கிலோ வரையிலான செயற்கைக்கோளை 500 கிலோமீட்டர் உயரத்துக்குக் கொண்டுசெல்லும். கீழிருந்து மூன்று அடுக்குகள் திட எரிபொருளில் இயங்குபவை. உச்சியில் வேகத்தைக் கடைசியாகத் திருத்தும் சின்ன திரவ எரிபொருள் பகுதி ஒன்று உண்டு.

அதன் முதல் பயணம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து. சுமார் 135 கிலோ எடையுள்ள ஒரு புவி நோக்குச் செயற்கைக்கோளோடு 8 கிலோ எடையுள்ள இன்னொரு குட்டிச் செயற்கைக்கோளும் ஏறியது. அதன் பெயர் ஆசாதிசாட். நாட்டின் 75-வது சுதந்திர ஆண்டை ஒட்டி 75 அரசுப் பள்ளிகளின் 750 மாணவிகள் சேர்ந்து செய்தது. சென்னையைச் சேர்ந்த ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பு இந்த வேலையை ஒருங்கிணைத்தது. ஒவ்வொரு பள்ளியின் பங்கும் 50 கிராம் அளவிலான ஒரு சின்னக் கருவி. பாடப்புத்தகத்தில் மின்சுற்றைப் படமாக மட்டும் பார்த்திருந்த கைகள் பற்றவைப்பும் புரோகிராமும் கற்றுக்கொண்டு செய்த கருவிகள் அவை.

ராக்கெட் கிளம்பியது. முதல் அடுக்கு எரிந்து முடிந்து பிரிந்தது. இரண்டாம் அடுக்கு எரிந்து முடிந்து பிரிந்தது. மூன்றாம் அடுக்கும் எரிந்து முடித்தது. எல்லாம் கணக்குப்படி நடந்ததுபோலத் தெரிந்தது. ஆனால் செயற்கைக்கோள்கள் போய்ச் சேர்ந்த பாதை தவறு. 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டமாகச் சுற்ற வேண்டியவை, ஒரு பக்கம் 356 கிலோமீட்டரும் மறுபக்கம் 76 கிலோமீட்டருமான நீள்வட்டத்தில் விழுந்தன. 76 கிலோமீட்டரில் காற்று இருக்கிறது. அந்த வேகத்தில் காற்றில் உரசும் எதுவும் சுற்றிக்கொண்டிருக்க முடியாது. இரண்டும் அன்றே பூமியை நோக்கி இறங்கிவிட்டன. 750 மாணவிகளின் உழைப்பும் அதோடு போனது.

என்னதான் நடந்தது?

இஸ்ரோவின் ஆய்வு சொன்ன காரணம் இது. இரண்டாம் அடுக்கு பிரிந்த கணத்தில், கருவிகள் பொருத்தப்பட்டிருந்த மேடை மிகக் குறைந்த நேரத்துக்கு அதிர்ந்தது. அந்த அதிர்வு எதிர்பார்த்ததைவிடப் பலமாக இருந்தது.

ஓர் அடுக்கைப் பிரிப்பது என்பது மணியை ஓங்கி அடிப்பதுபோல. ஒரே ஒரு அடிதான். ஆனால் அடி வாங்கிய உலோகம் தன் இயல்பு அதிர்வெண்களில் சிறிது நேரம் துடித்துக்கொண்டிருக்கும். அந்த மேடையில்தான் ராக்கெட்டின் திசையையும் வேகத்தையும் கணிக்கும் முடுக்கமானிகள் இருந்தன.

முடுக்கமானி என்றதும் பெரிய விஞ்ஞானக் கருவி என்று மலைக்க வேண்டாம். இதைப் படிக்கும் செல்போனுக்குள்ளும் ஒன்று இருக்கிறது. போனைப் படுக்கை வசமாகத் திருப்பினால் திரையும் திரும்புகிறதே, அது அதன் வேலைதான். அடி எண்ணும் செயலிகளும் அதை நம்பித்தான் ஓடுகின்றன. மணல் துகள் அளவு சிலிக்கான் துண்டு ஒன்றை மெல்லிய சிலிக்கான் ஸ்பிரிங்கில் தொங்கவிட்டிருப்பார்கள். போன் அசைந்தால் துண்டு பின்தங்கும். எவ்வளவு பின்தங்குகிறது என்று பார்த்து எவ்வளவு வேகமாக அசைந்தது என்று கணக்கிடும். பஸ் பிரேக் போட்டதும் நிற்பவர்கள் முன்னால் சாய்வதை வைத்து எவ்வளவு பலமான பிரேக் என்று சொல்வது மாதிரி. ராக்கெட்டில் இருப்பது இதைவிடப் பலமடங்கு நுட்பமானது. அடிப்படை இதுதான்.

எந்த அளவுகோலுக்கும் ஓர் எல்லை உண்டு. 10 கிலோ வரை காட்டும் ஸ்பிரிங் தராசில் அரிசி மூட்டையைத் தொங்கவிட்டால் முள் கடைசிக் கோட்டில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தில் அது காட்டும் எண்ணுக்கு அர்த்தமில்லை. அன்றைக்கு முடுக்கமானிகளுக்கு அதுதான் நேர்ந்தது.

இதைப் பார்த்தது ராக்கெட்டின் கம்ப்யூட்டர். சென்ஸார் எதுவும் பழுதானால் அதை ஒதுக்கிவைக்க வேண்டும் என்பது அதற்குச் சொல்லிக்கொடுத்த விதி. நல்ல விதிதான். ஆனால் அளவீடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் எல்லை தாண்டி நின்றதும், சென்ஸார்கள் பழுது என்று அது முடிவு கட்டிவிட்டது. வீட்டில் உள்ள எல்லாக் கண்ணாடிப் பாத்திரங்களும் ஒரே நேரத்தில் கடகடத்தால், அலமாரியை யாரோ இடித்துவிட்டார்கள் என்று நமக்குத் தோன்றும். பாத்திரங்கள் எல்லாம் ஒரே நொடியில் கெட்டுவிட்டன என்று தோன்றாது. கம்ப்யூட்டருக்கு அந்த யோசனை சொல்லித்தரப்படவில்லை.

அதன் பிறகு ராக்கெட் முன்பே மனப்பாடம் செய்திருந்த வழியில் போனது. கண்ணைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடப்பது மாதிரி. முக்கால்வாசி வழி சரியாகவே வரும். கடைசிப் படியில்தான் கால் தவறும். கடைசித் திருத்தம் செய்ய வேண்டிய திரவ எரிபொருள் பகுதிக்குத் தன் வேலையைச் செய்ய வழியில்லாமல் போனது. முடிவில், தேவையான வேகத்தில் நொடிக்குச் சுமார் 56 மீட்டர் குறைந்தது. தேவைப்பட்டதோ நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கும் மேல். நூற்றில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. அதுவே எல்லாவற்றையும் கீழே இறக்கப் போதுமானதாக இருந்தது.

மேளக்காரர் செய்வதைத்தான் செய்தார்கள்

தேவையில்லாத அதிர்வை அடக்க மூன்று வழிகள்தான் உண்டு. அடியை மெதுவாக்கலாம். பொருளின் அமைப்பை மாற்றி இயல்பு அதிர்வெண்ணை நகர்த்தலாம். கோயில் மணியைக் கையால் பிடித்ததும் சத்தம் அடங்குவதுபோல, அதிர்வைச் சீக்கிரம் தேயவைக்கலாம்.

இஸ்ரோ பொறியாளர்கள் இரண்டாம் அடுக்கைப் பிரிக்கும் முறையை மாற்றினார்கள். அதிர்ச்சி குறைவாகத் தரும் முறை வந்தது. கருவி மேடையின் அமைப்பிலும் மாற்றம் செய்தார்கள். தோலை இறுக்குவதும் மிருதங்கத்தில் கருப்பு வட்டம் வைப்பதும் எந்தக் கணக்கோ, இதுவும் அந்தக் கணக்குதான். கம்ப்யூட்டரின் முடிவெடுக்கும் முறையும் திருத்தப்பட்டது. அவசரப்பட்டு எல்லோரையும் பொய்யர் என்று சொல்லிவிடக் கூடாது என்று அதற்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

2023 பிப்ரவரி 10. அதே ஸ்ரீஹரிகோட்டா. அதே காலை 9.18 மணி. எஸ்.எஸ்.எல்.வி.யின் இரண்டாவது பயணம். உள்ளே ஆசாதிசாட்-2 இருந்தது. மீண்டும் 750 மாணவிகளின் உழைப்பு. முதல் முறை போனதை நினைத்து உட்கார்ந்துவிடாமல் மறுபடி செய்த செயற்கைக்கோள் அது. இரண்டாம் அடுக்கு பிரிந்தது. இந்த முறை கம்ப்யூட்டர் குழம்பவில்லை. மூன்று செயற்கைக்கோள்களும் 450 கிலோமீட்டர் உயரத்தில் சரியான வட்டப்பாதையில் போய்ச் சேர்ந்தன. 2024 ஆகஸ்ட் 16-ல் மூன்றாவது பயணமும் வெற்றி பெற்றது. அதோடு சோதனைக் கட்டம் முடிந்ததாக இஸ்ரோ அறிவித்தது.

குலசைக்கு ஏன் வருகிறது?

பூமியின் துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் பாதைக்குப் போக ராக்கெட் தெற்கே பறக்க வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேராகத் தெற்கே போனால் வழியில் இலங்கை வரும். எரிந்து முடிந்த அடுக்குகள் மக்கள் வாழும் இடத்தில் விழக் கூடாது என்பதால் வளைந்து போக வேண்டியிருக்கிறது. பெரிய ராக்கெட்டுகள் அந்தச் சுற்றுவழிச் செலவைத் தாங்கும். சின்ன ராக்கெட்டுக்கு அது பெரிய நஷ்டம். சுமக்க வேண்டிய எடையில் பெரும்பங்கு எரிபொருளுக்கே போய்விடும். குலசையிலிருந்து பார்த்தால் தெற்கே கடல்தான். நேராகப் போகலாம்.

இனி இந்தக் கரையில் ராக்கெட் கிளம்பும் நாளிலும் நெஞ்சு அதிரும், ஜன்னல் கிடுகிடுக்கும், பாட்டில் தண்ணீரில் வட்ட வட்டமாக அலை ஓடும். தசரா பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது புதிதாக இருக்காது. ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்கும்போது, உள்ளே ஒரு மேடையில் ஒரு முடுக்கமானி என்ன உணர்கிறது என்று யோசிக்கும் ஒரு மாணவி அந்தக் கூட்டத்தில் இருப்பாள்.

இந்த வாரம் வீட்டில் செய்து பாருங்கள்

*முதல் சோதனை:* சாவிக்கொத்தை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். கட்டிய இடத்திலிருந்து சாவிக்கொத்தின் நடுப்பகுதி வரை 25 செ.மீ. இருக்கட்டும். லேசாக ஆட்டிவிட்டு 20 முறை போய்த் திரும்ப எவ்வளவு நேரம் என்று போனில் பாருங்கள். சுமார் 20 நொடி வரும். நூலை 1 மீட்டர் ஆக்கினால் சுமார் 40 நொடி. கூட இரண்டு சாவிகளைச் சேர்த்துப் பாருங்கள். பெரிதாக ஒன்றும் மாறாது.

*இரண்டாம் சோதனை:* கொடிக்கயிற்றைச் சற்றுத் தளர்வாகக் கட்டி, அதில் ஒரே நீளமுள்ள இரண்டு ஊசல்களையும், நீளம் வேறான ஓர் ஊசலையும் தொங்கவிடுங்கள். ஒரே நீளமுள்ள இரண்டில் ஒன்றை மட்டும் ஆட்டுங்கள். சற்று நேரத்தில் அதன் ஜோடி தானாக ஆட ஆரம்பிக்கும். மூன்றாவது ஊசல் லேசாக அசைந்துவிட்டு அடங்கிவிடும். அதுதான் ஒத்ததிர்வு.

*மூன்றாம் சோதனை:* போனில் உள்ள முடுக்கமானியின் அளவீட்டைக் கோட்டுப்படமாகக் காட்டும் இலவசச் செயலிகள் உண்டு. போனை மேசையில் வைத்துவிட்டு, மேசையை விரலால் ஒருமுறை தட்டுங்கள். ஒரே தட்டுதான். திரையில் கோடு மேலும் கீழும் துடித்துவிட்டு மெல்லத் தேய்ந்து நேராகும். பிறகு போனுக்கு அடியில் மடித்த துண்டை வைத்து அதே பலத்தில் தட்டுங்கள். இரண்டு கோடுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2022-க்கும் 2023-க்கும் நடுவில் பொறியாளர்கள் எதற்காக மெனக்கெட்டார்கள் என்பது அந்த இரண்டு கோடுகளில் தெரியும்.